ஏரிக்கரைக்கு ஒரு வலையொலி



விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள சிற்றூர் இரும்பை. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் இங்குதான் உள்ளது. கடுவெளிச் சித்தரின் சினத்தால் இந்தப் பகுதி மண் பாழ்பட்டது என்று ஒரு கதை இவ்வூர்ப் பக்கம் வழங்கி வருகிறது. அந்தக் கதையைப் பெரும்பாலோர் ஏட்டில் படித்ததில்லை. பாட்டி சொல்லப் பேரன் கேட்டான். பேரன் தன் பிள்ளைக்குச் சொன்னான். வாயால் சொல்லிக் காதால் கேட்ட செய்தி தலைமுறை தாண்டியும் நிலைத்துவிட்டது.

ஆனால் அதே ஊரில் பயனுள்ள பல செய்திகள் இவ்வாறு நிலைப்பதில்லை. எந்த மழைக்கு ஏரி நிரம்பும், எந்த மதகில் கசிவு உண்டு, எந்தக் கிணற்றில் எந்த ஆண்டு நீர் உவர்ப்பானது, செம்மண் மேட்டில் எந்த மரக்கன்று பிழைத்தது என்பதெல்லாம் ஒவ்வொருவர் மனத்திலும் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. அவர்கள் மறைந்தால் செய்தியும் மறைந்துவிடும்.

இக்குறையைக் களைய எளிய வழி ஒன்று இப்போது உள்ளது. அதுவே வலையொலி. பாட்காஸ்ட் என்று பலரும் கூறுவது இதனைத்தான். மண், நீர், மரம், பறவை ஆகியவற்றைக் காக்கும் பணியில் உள்ளவர்கள் ஒன்று கூடித் தமக்கென ஒரு வலையொலியைத் தொடங்கி நடத்துவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வலையொலி என்றால் என்ன?

வானொலியில் நிகழ்ச்சி குறித்த நேரத்தில் வரும். அந்த நேரத்தில் நீங்கள் வயலில் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தால் நிகழ்ச்சி போய்விடும். வலையொலி அப்படியன்று. பேச்சைப் பதிவு செய்து இணையத்தில் ஓரிடத்தில் வைத்துவிடுகிறார்கள். கேட்பவர் தமக்கு ஓய்வான நேரத்தில் கைப்பேசியில் எடுத்துக் கேட்கலாம். நிறுத்தலாம்; மீண்டும் கேட்கலாம்; சேமித்து வைத்து இணையம் இல்லாத இடத்திலும் கேட்கலாம். பாட்காஸ்ட் என்ற பெயர் 2004ஆம் ஆண்டில் தோன்றியது.

இது இயங்கும் முறையை ஏரிப் பாசனத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பதிவுகள் சேமித்து வைக்கப்படும் இணைய இடம் ஏரி போன்றது. அங்கிருந்து புறப்படும் செய்தியோடை வாய்க்கால் போன்றது. கேட்பவரின் கைப்பேசி வயல் போன்றது. ஒருமுறை வாய்க்காலை வெட்டி இணைத்துவிட்டால், புதிய பகுதி ஏரிக்கு வந்தவுடன் அது ஒவ்வொரு வயலுக்கும் தானே போய்ச் சேரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்ப வேண்டியதில்லை.

சமுதாய வானொலிக்கும் வலையொலிக்கும் உள்ள வேறுபாட்டையும் அறிந்துகொள்ளுதல் நலம். சமுதாய வானொலி நடத்த மத்திய அரசின் உரிமம் தேவை. 2002ஆம் ஆண்டில் கல்வி நிறுவனங்களுக்கும், 2006ஆம் ஆண்டு முதல் தொண்டு நிறுவனங்கள், வேளாண் பல்கலைக்கழகங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் ஆகியவற்றுக்கும் இதற்கு வழி செய்யப்பட்டது. அதற்குக் கோபுரமும் ஒலிபரப்புக் கருவியும் வேண்டும். ஒலியும் சுற்றுவட்டாரத்தில் சில கிலோமீட்டர் தொலைவுக்கே எட்டும். வலையொலிக்குக் கோபுரம் வேண்டாம். அலைவரிசை உரிமமும் வேண்டாம். ஆனால் கேட்பவரிடம் கைப்பேசியும் இணையமும் இருக்க வேண்டும். வானொலிப் பெட்டி மட்டுமே உள்ள முதியவரை வலையொலி எட்டாது. இக்குறையைப் போக்கும் வழியைப் பின்னர் காண்போம்.

ஒலிவழி அறிவு நமக்குப் புதிதன்று

பேச்சைக் கேட்டுத் தொழிலைத் திருத்திக்கொள்வதில் நம் உழவர்கள் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். 1956ஆம் ஆண்டில் புனே வானொலியைச் சார்ந்து சுமார் 150 சிற்றூர்களில் கிராம வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஊரார் குழுவாக அமர்ந்து நிகழ்ச்சியைக் கேட்டனர். பிறகு அதைப் பற்றித் தமக்குள் பேசினர். ஐயங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்பினர். தனியாகக் கேட்பதைவிடக் கூடிக் கேட்டுப் பேசுவது அதிகப் பயன் தரும் என்பது அங்கே தெளிவாயிற்று.

1960களில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் இரகம் பரவியது. திருச்சி வானொலி அதனைப் பற்றி விளக்கமாக எடுத்துரைத்தது. உழவர்கள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நெல்லின் பெயரே மாறும் அளவுக்கு ஒலிபரப்பு வேலை செய்தது.

இரும்பைக்கு அருகிலேயே இன்னும் சிறந்த சான்று உண்டு. 1998ஆம் ஆண்டில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு புதுச்சேரிச் சிற்றூர்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரம் தெரிய வேண்டியிருந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்திலிருந்து அந்த விவரத்தை எடுத்து, தமிழில் பேசி, கடற்கரையில் கட்டிய ஒலிபெருக்கி வழியே கேட்கச் செய்தார்கள். இணையச் செய்தி, ஊர்ப் பேச்சு, கேட்கும் காது ஆகிய மூன்றும் அங்கே இணைந்தன. இன்றைய வலையொலியின் அடிப்படையும் இதுவே.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது இதன் அருமை தெரிந்தது. நல்லவாடு என்ற ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் ஊரை எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களைக் கரையிலிருந்து வெளியேற்றினார்கள். வீடுகளும் படகுகளும் சேதமாயின. ஊரார் உயிர் தப்பினர். எச்சரிக்கை செய்தவரை ஊரார் அறிந்திருந்தனர். கருவி எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது. அறிவிப்பும் அவர்கள் மொழியில் இருந்தது. இம்மூன்றும் முன்பே அமைந்திருந்தமையால்தான் நெருக்கடியில் பயன்பட்டன என்பதை மறத்தல் கூடாது.

பாம்பனில் மீனவ மக்களுக்காக 2016 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பட்ட கடல் ஓசை என்ற சமுதாய வானொலியும், தெலுங்கானாவின் மாச்சனூரில் 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சங்கம் வானொலியும் இவ்வழியில் வந்தவையே. சங்கம் வானொலியில் சிறுதானியம் பயிரிடும் உழவர் மகளிர் தாமே பேசுகின்றனர். இரும்பையை ஒட்டிய ஆரோவில்லும் ஆரோவில் வானொலி என்ற பெயரில் இணையம் வழியே ஒலிப்பதிவுகளை வழங்கி வந்துள்ளது.

யாருக்காக நடத்த வேண்டும்?

சுற்றுச்சூழல் பணியாளர் என்றவுடன் அலுவலகத்தில் உள்ளவரை மட்டும் நினைக்க வேண்டாம். நாற்றங்கால் நடத்துபவர், ஏரிப் பாசன சங்கத்தார், மதகு திறக்கும் நீர்க்கட்டி, மண் ஆய்வு செய்பவர், வனக் காவலர், பறவை கணக்கெடுப்பவர், தேனீ வளர்ப்பவர், இயற்கை முறையில் பயிர் செய்பவர் ஆகிய எல்லோரும் இப்பணியாளர்களே. கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டம் பார்க்கும் உழவரும் இவர்களுள் ஒருவரே.

இவர்களுக்குள் பேச்சு இல்லாமையால் நேரும் இழப்பைப் பாருங்கள். ஒரே ஏரியில் ஒரு குழு கரையில் மரக்கன்று நடுகிறது. இன்னொரு குழு கரையைப் பலப்படுத்த அதே இடத்தில் மண் கொட்டுகிறது. மூன்றாமவர் வண்டல் எடுக்கும் வண்டிக்கு அந்த வழியையே பாதையாக்குகிறார். நான்காமவர் பறவை முட்டையிடும் காலத்தில் சீமைக்கருவேலை வெட்டுகிறார். நால்வரும் நல்லெண்ணத்துடன்தான் செய்கிறார்கள். ஆனால் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமையால் நால்வரின் உழைப்பும் வீணாகிறது.

ஆகவே நாடு முழுவதற்கும் பேச வேண்டும் என்று தொடக்கத்திலேயே எண்ண வேண்டாம். வானூர், திண்டிவனம், மரக்காணம் பகுதிகளில் மண்ணையும் நீரையும் காப்போர் ஒருவர் பணியை மற்றவர் அறியச் செய்வது என்று எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். இருநூறு பேர் கேட்டாலும் அவர்கள் சரியான இருநூறு பேராக இருந்தால் போதும்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

1. ஐந்து பேர் கொண்ட குழு அமைக்கவும். பேசுபவர் ஒருவர், பதிவு செய்பவர் ஒருவர், தொகுப்பவர் ஒருவர், செய்தியைச் சரிபார்ப்பவர் ஒருவர், கேட்போரின் கேள்விகளைத் திரட்டுபவர் ஒருவர். ஐவரில் இருவராவது பெண்களாக இருத்தல் நலம். விதை, கால்நடை, குடிநீர் ஆகியவை பற்றி அவர்கள் அறிந்தவை ஏராளம்.

2. நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளவும். அந்த வாக்கியத்துக்குள் அடங்காத பொருளை எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசியல், சாதி, தனிப்பட்ட பகை ஆகியவற்றுக்கு இடமில்லை என்பதை முதலிலேயே முடிவு செய்யவும்.

3. பெயர் சிறியதாகவும் சொல்ல எளியதாகவும் இருக்கட்டும். அதே பெயரில் வேறு வலையொலி உள்ளதா என்று தேடிப் பார்க்கவும்.

4. கால இடைவெளியை முடிவு செய்யவும். வாரம் ஒன்று என்று தொடங்கி ஒரு மாதத்தில் நின்றுபோவதைவிட, மாதம் இரண்டு என்று தொடங்கி ஆண்டு முழுவதும் நடத்துவதே சிறந்தது. அறுவடைக் காலத்தில் ஆள் கிடைக்காது என்பதையும் கணக்கில் கொள்ளவும்.

5. மூன்று பகுதிகளை முழுமையாக முடித்த பிறகே முதல் பகுதியை வெளியிடவும். விதை நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு உழவைத் தொடங்குவது போன்றது இது. காய்ச்சலோ மழையோ வந்து ஒருமுறை பதிவு தவறினாலும் தொடர் அறுபடாது.

தேவையான கருவிகள்

விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. நல்ல நிலையில் உள்ள ஒரு கைப்பேசி, சட்டையில் மாட்டும் ஒலிவாங்கி இரண்டு, காதில் மாட்டிக் கேட்கும் கருவி ஒன்று, ஒரு கணினி ஆகியவை போதும். கணினி இல்லாவிட்டால் கைப்பேசியிலேயே தொகுக்கலாம். கணினியில் தொகுக்க ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

பணம் செலவிடுவதானால் முதலில் ஒலிவாங்கிக்குச் செலவிடுங்கள். படம் மங்கலாக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு தெளிவில்லை என்றால் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

பதிவு செய்யும் முறை

இடத் தேர்வு முதன்மையானது. வெறும் சிமெண்டுச் சுவர் உள்ள அறையில் பேச்சு எதிரொலிக்கும். தகரக் கூரை மழைக்கும் வெயிலுக்கும் ஒலி எழுப்பும். கூரை வீடு, அல்லது சாக்கு மூட்டைகள் அடுக்கிய அறை ஏற்றது. வேறு வழியில்லை எனில் சுவரில் போர்வைகளைத் தொங்கவிட்டும் தரையில் பாய் விரித்தும் எதிரொலியைக் குறைக்கலாம்.

மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றை நிறுத்தவும். மின்மோட்டார், நெல் அரைவை ஆலை, கோயில் ஒலிபெருக்கி ஆகியவை இயங்கும் நேரத்தைத் தவிர்க்கவும். கைப்பேசிக்கு அழைப்பு வராதபடி செய்துவிடவும். ஒலிவாங்கி வாயிலிருந்து சுமார் ஒரு சாண் தொலைவில் இருக்கட்டும். வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் 'ப', 'ட' போன்ற எழுத்துகளைச் சொல்லும்போது காற்று மோதும் ஒலி விழாது.

ஏரிக்கரையில் பதிவு செய்யும்போது காற்றே பெரிய பகை. ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை போடவும். காற்றுக்கு முதுகு காட்டி நிற்கவும். பறவை ஒலி, மதகில் நீர் பாயும் ஒலி ஆகியவை நிகழ்ச்சிக்கு உயிர் தரும். ஆனால் அவற்றைத் தனியே பதிவு செய்து பின்னர் அளவாகச் சேர்ப்பதே நன்று.

பேச்சு தொடங்குமுன் அரை நிமிடம் எவரும் பேசாமல் அந்த இடத்தின் அமைதியை மட்டும் பதிவு செய்யவும். பின்னணி இரைச்சலைத் தொகுப்பின்போது குறைக்க இது உதவும். முதலில் ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பார்த்து, சரியாக உள்ளது என்று உறுதி செய்த பிறகே முழுப் பேச்சையும் தொடங்கவும். ஒரு மணி நேரம் பேசிய பெரியவரிடம் 'பதிவாகவில்லை, மீண்டும் சொல்லுங்கள்' என்று கேட்பது முறையன்று.

கேள்வி கேட்கும் முறை

ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளால் பயனில்லை. 'ஐயா, ஏரி நன்றாக இருக்கிறதா?' என்று கேட்டால், 'இருக்குது தம்பி' என்பதோடு பேச்சு நின்றுவிடும். 'ஐயா, நீங்கள் சிறுவராக இருந்தபோது ஏரியில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும்? இப்போது எந்த மாதத்தில் வற்றுகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். மாதம், ஆழம், பயிர், மீன் என்று ஒவ்வொன்றாக வெளிவரும்.

அவர் பேசும்போது குறுக்கிடாதீர்கள். 'ஆமாம், சரி' என்று ஓயாமல் சொல்லாமல் தலையசைத்துக் கேளுங்கள். அவர் வட்டார வழக்கில் பேசினால் அப்படியே விடுங்கள். ஏட்டுத் தமிழில் பேசச் சொன்னால் பேச்சே வராது. அலுவலர் பேசும்போது கடினமான கலைச்சொல் வந்தால் உடனே நிறுத்தி, 'இதை எங்கள் ஊரில் எப்படிச் சொல்வது?' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியே நிகழ்ச்சிக்குப் பாதிப் பயனைத் தந்துவிடும்.

ஒரு பகுதியின் அமைப்பு

ஒரு பகுதி பதினைந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். அதனைப் பின்வருமாறு பிரித்துக்கொள்ளலாம்.

முகவுரை: 1 நிமிடம்.
இம்மாத ஏரி, மழை, கிணறு நிலவரம்: 2 நிமிடம்.
களப் பணியாளர் ஒருவருடன் உரையாடல்: 8 நிமிடம்.
கேட்போரின் கேள்வியும் விடையும்: 3 நிமிடம்.
சுருக்கமும் அடுத்த பகுதி அறிவிப்பும்: 1 நிமிடம்.

நிலவரப் பகுதியை எளிதாக எண்ணிவிட வேண்டாம். உதாரணமாக, மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் படித்து அளவைச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். அப்படியானால் ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் நீர் விழுகிறது. 20 மில்லிமீட்டர் மழையில் ஏக்கருக்குச் சுமார் 80,000 லிட்டர். இதில் எவ்வளவு நம் நிலத்தில் தங்கிற்று, எவ்வளவு ஓடிப்போயிற்று என்று கேட்பவர் தாமே எண்ணத் தொடங்குவார். வரப்பை உயர்த்தும் எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

தொகுத்தலும் வெளியிடுதலும்

தொகுக்கும்போது தேவையற்ற இருமல், நீண்ட இடைவெளி, கூறியது கூறல் ஆகியவற்றை நீக்கவும். ஆனால் பேசியவரின் கருத்து மாறும்படி வெட்டுதல் பெரும் பிழை. 'இந்த மருந்து நல்லதுதான், ஆனால் தேனீ வரும் நேரத்தில் தெளிக்கக் கூடாது' என்பதில் பின்பாதியை வெட்டினால் நேரும் கேடு உங்களுக்கே தெரியும்.

பேச்சு மட்டும் உள்ள நிகழ்ச்சியை ஒற்றைத் தட ஒலியாக, நொடிக்கு 64 கிலோபிட் அளவில், எம்.பி.3 வடிவில் சேமித்தால் போதும். பதினைந்து நிமிடப் பகுதி ஏறத்தாழ 7 மெகாபைட் அளவில் அடங்கும். இணைய வேகம் குறைந்த ஊரிலும் இதனை எளிதில் இறக்கிக்கொள்ளலாம். மூலப் பதிவை அழிக்காமல் இரண்டு இடங்களில் பாதுகாத்து வைக்கவும். பத்தாண்டுகளுக்குப் பின் அதுவே ஊரின் ஆவணமாகும்.

வலையொலிகளைச் சேமித்து வெளியிட உதவும் இணையச் சேவைகள் பல உள்ளன. சில இலவசமாகவும் கிடைக்கின்றன. அவற்றில் கணக்குத் தொடங்கி, பெயர், சிறு விளக்கம், சதுர வடிவ முகப்புப் படம் ஆகியவற்றைத் தந்தால் செய்தியோடை தானே உருவாகும். அந்த ஓடையின் முகவரியை வலையொலிச் செயலிகளில் ஒருமுறை பதிவு செய்தால் போதும். கணக்கின் கடவுச்சொல்லைக் குழுவில் இருவராவது அறிந்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் வைத்திருந்து அவர் வெளியூர் போய்விட்டால் வலையொலி அத்துடன் நின்றுவிடும்.

திரைப்படப் பாடல்களைப் பின்னணியில் சேர்க்க வேண்டாம். அவை பதிப்புரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. உள்ளூர்க் கலைஞர் ஒருவரிடம் கேட்டுப் பறை, நாகசுரம் முதலியவற்றில் அரை நிமிட இசையை அவர் இசைவுடன் பதிவு செய்துகொள்ளலாம்.

தவறான செய்தி பயிரைக் கெடுக்கும்

வலையொலி நடத்துவோர் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இது. அச்சில் உள்ளதை மீண்டும் பார்த்துக்கொள்ளலாம். காதில் விழுந்தது ஒருமுறை தவறாக விழுந்தால் தவறாகவே நிலைக்கும்.

ஓர் எக்டர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர். எக்டருக்குச் சொல்ல வேண்டிய அளவை ஏக்கருக்கு என்று வாய்தவறிச் சொன்னால், கேட்டவர் இரண்டரை மடங்கு போட்டுவிடுவார். காசும் போகும், பயிரும் கருகும், மண்ணும் நீரும் கெடும். ஆகவே எண்களைச் சொல்லும்போது இந்த நான்கு விதிகளைக் கடைப்பிடிக்கவும்.

ஒன்று, எந்த அளவையும் இருமுறை சொல்லவும்.

இரண்டு, கையால் அளக்கக்கூடிய அளவில் சொல்லவும். '3 விழுக்காடு பஞ்சகவ்யக் கரைசல்' என்பதோடு நிற்காமல், '10 லிட்டர் நீருக்கு 300 மில்லி லிட்டர்' என்று சேர்த்துச் சொல்லவும்.

மூன்று, பயிர்ப் பாதுகாப்புப் பரிந்துரைகளை வெளியிடுமுன் திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ சரிபார்க்கவும்.

நான்கு, பிழை நேர்ந்தால் மறைக்க வேண்டாம். அப்பகுதியைத் திருத்தி மீண்டும் ஏற்றுவதோடு, அடுத்த பகுதியின் தொடக்கத்திலேயே 'சென்ற முறை தவறாகச் சொன்னோம், சரியான அளவு இது' என்று அறிவிக்கவும். திருத்திக்கொள்பவரை மக்கள் மேலும் நம்புவார்கள்.

வேறு சிலவற்றிலும் எச்சரிக்கை வேண்டும். பேசுபவரிடம் பதிவு எங்கெங்கே வெளியாகும் என்று விளக்கி, அவர் இசைவு பெற்ற பிறகே வெளியிடவும். ஆக்கிரமிப்பு, ஆலைக் கழிவு போன்ற புகார்களை ஆவணம் இல்லாமல் பெயர் சொல்லிப் பேச வேண்டாம். மறுதரப்புக்கும் விடை கூற இடம் தரவும். மரக்காணம், வானூர் வட்டங்களில் அமைந்த கழுவேலி 2021ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்குப் பறவைகள் கூடு கட்டும் இடத்தை அடையாளத்துடன் சொல்லிவிட்டால் வேட்டையாடுவோருக்கு நாமே வழி காட்டியதாகும். பறவையின் பழக்கத்தைச் சொல்லுங்கள். கூட்டின் வழியைச் சொல்ல வேண்டாம்.

ஆண்டு நிகழ்ச்சித் திட்டம்

பருவத்துக்கு ஏற்ற பொருளைப் பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே பேச வேண்டும். மழை வந்த பிறகு கரை கட்டச் சொல்வதில் பயனில்லை. கீழ்க்காணும் திட்டத்தை மாதிரியாகக் கொள்ளலாம்.

தை, மாசி: கிணற்று நீர்மட்டம் அளத்தல், ஈரநிலப் பறவைகள், அறுவடைக்குப் பின் வைக்கோலை எரிக்காமல் பயன்படுத்துதல்.

பங்குனி, சித்திரை: மண் மாதிரி எடுத்தல், ஏரி வண்டல் எடுக்க விண்ணப்பிக்கும் முறை, மதகு பழுது பார்த்தல்.

வைகாசி, ஆனி: கோடை உழவு, வேப்ப விதை சேகரித்தல், நாற்றங்கால் பராமரிப்பு, கடலோரக் கிணறுகளில் உவர்ப்பு நீர் புகுதல்.

ஆடி, ஆவணி: வரத்துக் கால்வாய் தூர் வாருதல், பண்ணைக்குட்டை, மரக்கன்றுக்குக் குழி எடுத்தல்.

புரட்டாசி, ஐப்பசி: வடகிழக்குப் பருவமழை முன்னேற்பாடு, கரை காவல், மரக்கன்று நடுதல்.

கார்த்திகை, மார்கழி: புயல் எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளுதல், வெள்ளத்துக்குப் பின் பயிர் காத்தல், டிசம்பர் 5 உலக மண் நாள்.

வலையொலியைத் தொடங்க ஆடிப்பெருக்கு ஏற்ற நாள். அப்போது தொடங்கினால் பருவமழைக்குமுன் நான்கைந்து பகுதிகள் வெளிவந்து, கேட்போர் பழகியிருப்பார்கள். புயல் நேரத்தில் அந்தப் பழக்கமே கைகொடுக்கும். எனினும் அவசர எச்சரிக்கைக்கு வலையொலியை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. அதற்கு அரசின் அறிவிப்பும் ஊர் ஒலிபெருக்கியுமே முதன்மையானவை.

கேட்போர் மன்றம்

கைப்பேசியில் தேடி எடுக்கத் தெரியாதவர்களை எப்படி எட்டுவது? இதற்குப் பழைய கிராம வானொலி மன்ற முறையே விடை. மாதம் இருமுறை பால் கூட்டுறவுச் சங்க வாயிலிலோ, கோயில் மண்டபத்திலோ, நூலகத்திலோ இருபது பேர் கூடட்டும். ஒருவர் கைப்பேசியைச் சிறு ஒலிபெருக்கியுடன் இணைத்துப் பதினைந்து நிமிடம் ஒலிக்கச் செய்யட்டும். பிறகு அரை மணி நேரம் பேசட்டும். 'நம் ஊரில் இதைச் செய்ய முடியுமா? யார் செய்வது? எப்போது?' என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிக்கொள்ளட்டும். எழாத ஐயங்களை அல்ல, உண்மையில் எழுந்த ஐயங்களை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பட்டும். அடுத்த பகுதியில் அவர் குரலே ஒலிக்கும். தன் குரல் ஒலிப்பதைக் கேட்டவர் அடுத்த முறை நால்வரை அழைத்து வருவார்.

எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். எத்தனை கேள்விகள் வந்தன, எத்தனை இடங்களில் வேலை நடந்தது, எந்த இரு குழுக்கள் முதன்முறையாகச் சேர்ந்து பேசின என்பதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

நினைவில் கொள்க

* குறுகிய எல்லை, தெளிந்த நோக்கம்.
* மூன்று பகுதிகள் கையிருப்பில் இருந்த பிறகே தொடக்கம்.
* ஒலிவாங்கி ஒரு சாண் தொலைவில், மின்விசிறி நிறுத்தம்.
* எண்கள் இருமுறை. ஏக்கரா, எக்டரா என்பதில் தெளிவு.
* பேசுபவரின் இசைவு. பிழை நேர்ந்தால் திருத்தம்.
* கூடிக் கேட்டு, கூடிப் பேசி, கூடிச் செய்தல்.

ஏரியில் தேங்கிய நீர் வாய்க்கால் இல்லாவிட்டால் வயலுக்கு உதவாது. ஊரில் தேங்கிய அறிவும் அப்படியே. உங்கள் ஊரில் ஏரியின் கதை தெரிந்த முதியவர் ஒருவர் இருப்பார். வலையொலி தொடங்குவது பற்றி முடிவு செய்யுமுன்பே, இந்த வாரத்தில் ஒருநாள் மாலை அவரிடம் சென்று, கைப்பேசியில் கால் மணி நேரம் அவர் பேச்சைப் பதிவு செய்துவிடுங்கள். கருவியும் பெயரும் பிறகு வாங்கலாம், வைக்கலாம். அவர் சொல்ல இருப்பதை மட்டும் பிறகு வாங்க இயலாது.